இறையும் கணக்கும்: மதுரை நகராட்சியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

தமிழகத்து ஊராட்சியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் உத்தரமேரூர்க் குடவோலை முறையை எடுத்துக்காட்டிப் பாராட்டுவர். ஓலையிற் பெயரெழுதிக் குடத்தில் இட்டதும், சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்ததும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகளாம். ஆயின் அக் கல்வெட்டுக்களில் தேர்தலுக்கு நிகராக வற்புறுத்தப்பெறும் பொருள் பிறிதொன்று உண்டு. பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்குக் கொடுத்தல் வேண்டும்; கொடாதவன் மீண்டும் பொறுப்பேற்றல் ஆகாது என்பதே அது. தேர்தலைப் பற்றிய பகுதி பெற்ற பாராட்டில் ஒரு சிறு பங்கினையும் இப்பகுதி பெற்றிலது.

இறை கொண்டவர் யாருக்குக் கணக்குக் கொடுத்தனர் என்னும் ஒரு வினாவையே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுகின்றோம். அவ்வினாவுக்கு இலக்கியமும் கல்வெட்டும் தரும் விடைகளை முதற்கண் கண்டு, பின்னர் அவற்றை மதுரை மாநகர ஆட்சியின் வரலாற்றோடு ஒப்புநோக்குவோம். 2025ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியின் சொத்துவரிக் கணக்கைப் பற்றி எழுந்த வழக்கு, இவ்வொப்பு நோக்கை வெறும் பழமையாராய்ச்சியாக நில்லாதபடி செய்துவிட்டது.

சொற்கள் உணர்த்துவன

அரசுக்குக் குடிகள் செலுத்தும் பொருளைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. இறை, வரி, கறை, திறை, உல்கு, ஆயம், கடமை, குடிமை என்பன அவற்றுட் சில. இவை ஒரு பொருளன அல்ல. திறை தோற்ற அரசன் வென்ற அரசனுக்கு அளிப்பது. உல்கு துறையிலும் வழியிலும் பண்டங்களின்மேற் கொள்ளப்படுவது. இறை என்பது இறுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. செலுத்துவோன் தொழிலை நோக்கி எழுந்த பெயர். செக்கிறை, தறியிறை, மனையிறை எனக் கல்வெட்டுக்களிற் காணப்பெறும் தொகைகள் எதன்மேல் எது இறுக்கப்பட்டது என்பதைத் தெளிவுறக் காட்டுகின்றன. இன்று நகரங்களிற் கொள்ளப்படும் சொத்துவரிக்கு மிக அணித்தான பழஞ்சொல் மனையிறை எனலாம்.

வரி என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. கோடு, எழுத்து என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. இவற்றிற்கிடையே வேர்த்தொடர்பு உண்டோ என்னும் வினாவிற்குள் ஈண்டுப் புகவில்லை. ஆயினும் சோழர் காலத்து வருவாய்த் துறையைப் புரவுவரித் திணைக்களம் எனவும், அதன் அலுவலரை வரிப்பொத்தகம், வரியிலிடு எனவும் கல்வெட்டுக்கள் வழங்குதலின், வரி என்பது பொத்தகத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒன்று என்னும் கருத்து அக்காலத்தார் உள்ளத்தில் நிலைபெற்றிருந்தமை போதரும். வரியிலிடுதலாவது வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றுதல். ஆகவே, எழுதப்பட்டதே இறுக்கப்படும். எழுத்து மாறின் இறையும் மாறும். இதனை உளங்கொள்ளுதல் பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

கறை என்னும் சொல் மதுரைக்கு அணுக்கமானது. சிலப்பதிகாரத்துக் கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பாண்டியர் கோன்முறையை எடுத்துரைக்கும் இடத்து இச்சொல் வரிக்கடனைக் குறித்து வருகின்றது. குருதியையும் மாசினையும் உணர்த்தும் சொல்லே இறுக்கப்படாத கடனையும் உணர்த்தி நிற்றல் எண்ணத்தக்கது.

இலக்கியம் காட்டும் நெறி

வரி கொள்ளும் முறையைப் பற்றிய பாடல்களுள் அறிஞர் பெரிதும் எடுத்தாள்வது, பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாட்டாகும். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுப்பின், ஒரு மாவிற்குக் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாட்களுக்கு ஆகும். நூறு செய் ஆயினும் யானை தானே புக்கு உண்ணுமாயின், வாயிற் புகுவதினும் காலிற் கெடுவதே பெரிதாகும் என்பது அதன் கருத்து. கொள்ளும் அளவைப் பற்றியே இப்பாட்டுப் பேசுகின்றது என்று பலரும் கொள்வர். யாம் கருதுவது சிறிது வேறு. உண்டது எவ்வளவு, மிதிபட்டது எவ்வளவு என்று பிரித்தறிய முற்படுவோர்க்கே இவ்வுவமை பயன்படும். அப்பிரிப்பே கணக்கு. எனினும் அக்கணக்கைக் கேட்க வல்லவர் யார் என்பதனைப் பாட்டுக் கூறவில்லை. புலவர் அரசனுக்கு அறிவுறுத்துகின்றார், வயலுடையார் பேசவில்லை.

திருக்குறள் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் பொருட்செயல் நான்காக வகுக்கப்படுகின்றது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததைச் செலவிடப் பகுத்தல் என்பன அவை. கணக்குக் கொடுத்தல் என ஐந்தாவது ஒன்று அங்குக் கூறப்படவில்லை. தெரிந்துவினையாடல் அதிகாரம், வினைசெய்வானை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்று விதித்தலின், அது கணக்கின் இடத்தை நிரப்பும் எனலாம். ஆயின் அங்கும் ஆராய்வோன் மன்னனே. கீழுள்ளோன் மேலுள்ளோனுக்கு விடை கூறுகின்றான். இறுத்தவனுக்கு விடை கூறுவார் இலர்.

சிலம்பின் கட்டுரைகாதை இதனினும் ஓரடி முன்செல்கின்றது. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்னும் அந்தணனின் மகன், பராசரன் என்பவனிடம் பரிசாக அணிகலன்களைப் பெற்றான். பொறாமையுற்ற அரசு ஊழியர், புதையற்பொருளைக் கவர்ந்தான் எனப் பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை புலம்பி அழுதாள். ஐயை கோயிற் கதவம் திறவாது நின்றது. பாண்டியன் காரணம் வினவித் தன் அலுவலர் செய்த பிழையை அறிந்தான். வார்த்திகனை விடுவித்துத் திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்து, நிலத்தில் வீழ்ந்து பிழை பொறுக்க வேண்டினான். அதன்பின் சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், வரிக்கடன் பட்டாரை அக்கடனினின்று விடுவிக்கவும் யானைமேல் முரசறைவித்தான்.

இங்கு அலுவலர் செய்த பிழைக்கு அரசன் தானே பொறுப்பேற்கின்றான். பொறுப்பேற்றமையை ஊரறிய முரசினால் உணர்த்துகின்றான். இஃது உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின் தெய்வக் கதவு அடைபட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவ்வருள்நிகழ்ச்சி இல்லாத நாளில் வார்த்திகனுக்கு நேர்வது யாது? இவ்வினாவுக்கு விடை இலக்கியத்தில் இல்லை, கல்வெட்டிலேயே உண்டு.

கல்வெட்டுக் கூறும் விதி

உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டுக்கள் இரண்டும் முதற்பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்டன. அரசன் ஆணையொடு வந்த அலுவலன் உடனிருக்க, ஊர்ச்சபையார் கூடிச் செய்த முடிபுகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பன பணிகளைப் பகுத்துச் செய்தன. வாரியத்தார் பணிக்காலம் 360 நாட்களே.

முதல் முடிபு ஏற்பட்டு ஈராண்டிற்குள் இரண்டாவது தேவைப்பட்டது ஏன்? தீயோர் கெட்டு ஏனையோர் வாழ்தற்பொருட்டு இவ்வொழுங்கு செய்யப்பட்டது என்று பின்னைய கல்வெட்டே காரணம் கூறுகின்றது. ஆகவே இவ்விதிகள் குற்றமற்ற ஊரொன்றில் அமைதியாக எழுதப்பட்டன அல்ல; பொதுப்பொருளிற் கைவைத்தோரைக் கண்டு நொந்தவர்கள் எழுதியவை என்று கொள்வதே பொருந்தும்.

கணக்கைப் பற்றிய விதிகள் இரு திறத்தன. முதலாவது வாரியத்தாரைப் பற்றியது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடவோலைக்குத் தகாது. அவன் மட்டுமன்று, தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என நீளும் உறவினர் பட்டியலும் விலக்கப்படுகின்றது. கணக்குக் கொடாதவன் தன் உறவினனை முன்னிறுத்தித் தானே பின்னின்று நடத்துதல் கூடும் என்பதை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாவது கணக்கனைப் பற்றியது. நேரிய வழியிற் பொருளீட்டியவனே கணக்கெழுதுதல் வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனத் தெளியப்பட்ட பின்னன்றி அவன் மீண்டும் அப்பணிக்கு வரலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். வேறு கணக்கன் இடைப்புகுந்து அதனை முடித்தல் கூடாது. எழுதியவன் யார், காட்டுபவன் யார் என்னும் இரண்டிற்கும் இடையே வேற்றாள் ஒருவனுக்கு இடங்கொடாத இவ்விதி, ஏனைய எல்லாவற்றினும் நுட்பமானது என்பது எம் துணிபு.

இவ்விடத்து ஒரு தடையை எழுப்பலாம். உத்தரமேரூர் பிரமதேயம்; கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் மறைப்பயிற்சியும் உடைய, 35 முதல் 70 வரை அகவையினரான ஆடவர்க்கே அங்கு உரிமை இருந்தது. பெண்டிரும் நிலமற்ற உழவரும் பிறரும் புறத்தே நின்றனர். பாண்டிநாட்டு மானூர்க் கல்வெட்டு, மாறன் சடையனின் 35ஆம் ஆட்சியாண்டிற்குரியது. அங்கும் சபையில் அமர்தற்கு நிலப்பங்கே அடிப்படை. ஒவ்வொரு பொருளுக்கும் மறுப்புக் கூறித் தடைசெய்வார்க்கு ஐந்து காசு தண்டம் என அது விதித்தலின், வினவும் உரிமையும் அங்குச் சுருங்கியதே எனலாம். இத்தடை உண்மை. பழையன அனைத்தும் போற்றத்தக்கன என்பது எம் கருத்தன்று. ஆயினும் கணக்குக் கொடாதவன் விலகுக என்னும் விதி, உரிமையுடையார் சிலராயினும் பலராயினும் பொருந்துவது. சிலர்க்கு மட்டும் உரியதாயிருந்த அவ்விதியை எல்லார்க்கும் உரியதாக்குதலே செய்யத்தக்கது.

மதுரை நகராட்சி

இனி மதுரைக்கு வருவோம். மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் பொருளைக் கணக்கிட்டு ஆண்ட அமைப்புக்கள் மிகப் பழமையானவை. நகரின் வடகிழக்கே உள்ள மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுக்களில் வெள்ளறை நிகமத்தார் குறிக்கப்படுகின்றனர். நிகமமாவது வணிகர் குழு. அந்நிகமத்தைச் சார்ந்த காவிதி ஒருவனும் அங்குக் காணப்படுகின்றான். காவிதி என்னும் பட்டம் மதுரைக்காஞ்சியிலும் வருதல் புலவர் அறிந்ததே.

இக்கால நகர ஆட்சிக்கு முன்னோடியான பெருஞ்செலவு ஒன்று இங்கு நடைபெற்றது. 1830களின் பிற்பகுதியில் ஆட்சித்தலைவர் பிளாக்பர்ன், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முற்பட்டார். தூர்த்த இடத்தை அத்தொழிலைச் செய்தார்க்கே மனையாக அளிக்கும் வழியினால் பெரும்பணி முடிந்தது. வெளிவீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் அதற்குச் சான்று. வரி கொள்ளாமல் நிலத்தைக் கொடுத்துச் செய்த அப்பணியில் கணக்குக் கேட்கும் குடிகள் இருந்திலர்; நிலம் பெற்றாரே இருந்தனர்.

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 1866 நவம்பர் 1ஆம் நாள் மதுரை நகராட்சி தோன்றியது. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமும், 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இடத்தைப் படிப்படியாக விரித்தன. அக்காலத்தும் வாக்குரிமை வரி செலுத்தும் தகுதியோடு பிணைக்கப்பட்டே இருந்தது. உத்தரமேரூரின் கால்வேலி வேறு வடிவில் நின்றது எனலாம். நாடு விடுதலையுற்ற பின்னரே அகவை நிரம்பிய அனைவர்க்கும் வாக்கு உரியதாயிற்று. 1971 மே 1ஆம் நாள் மதுரை மாநகராட்சியாயிற்று. சென்னைக்குப் பின் தமிழகத்தில் அப்பெயர் பெற்ற முதல் நகரம் இதுவே. 2011இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் முதலிய பகுதிகளைச் சேர்த்து 100 வார்டுகளாக விரிந்தது. அவ்வாண்டின் மக்கட்டொகைக் கணக்கெடுப்பில், விரிவுக்கு முற்பட்ட எல்லைக்குள் வாழ்ந்தோர் 10,17,865 பேர்.

சுற்றியுள்ள சமவெளியில் நெல்லும் கரும்பும் விளைந்த நிலங்கள் மனைகளாக மாறிவருதலின், நகரின் வருவாய் நிலத்தை விட்டு மனையைப் பற்றியது. கட்டடத்தின் பரப்பு, அமைந்த தெரு, குடியிருப்போ கடையோ என்னும் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு சொத்துவரி அறுதியிடப்பட்டு, அரையாண்டுக்கு ஒருமுறை கொள்ளப்படுகின்றது. ஆகவே பதிவேட்டில் ஓரெண்ணை மாற்றின், கடை வீடாகும். பெரிய பரப்புச் சிறிதாகும். வரியிலிடுவோன் கையிலேயே வருவாயின் உயிர்நிலை உள்ளது.

2016 முதல் 2025 வரை

1993 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்தாண்டு எனவும், அது முடியுமுன் தேர்தல் நடைபெற வேண்டும் எனவும் விதித்தது. தமிழகத்திலோ, 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பின்னர், நகர்ப்புறத் தேர்தல் 2022 பெப்ரவரி 19ஆம் நாளே நடைபெற்றது. ஐந்தாண்டுக்கு மேலாக மதுரையில் மன்றம் இல்லை. தனி அலுவலரே ஆண்டார்.

அதே காலத்தில்தான் நகரில் பெருஞ்செலவுகள் நிகழ்ந்தன. 2016 செப்டம்பரில் சீர்மிகு நகரத் திட்டத்திற்கு மதுரை தெரிவுசெய்யப்பட்டது. தெரிவான ஒவ்வொரு நகர்க்கும் நடுவணரசு 500 கோடி ரூபாய் வரை அளிப்பதும், மாநிலம் அதற்கு இணையாக அளிப்பதும் அத்திட்டத்தின் ஏற்பாடு. பணிகளை நடத்தத் தனி நிறுமம் ஒன்று அமைக்கப்பட்டது. பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. செலவு நிறுமத்தின் வழியாகச் சென்றது, மன்றமோ இல்லை. தணிக்கை நடைபெறாமலில்லை. ஆயின் தணிக்கையாளர் அறிக்கை மேலே சென்றது. வார்டு தோறும் எழுந்து வினவுதற்குரிய நாவு இல்லாதிருந்தது.

தேர்தல் முடிந்த சில வாரங்களில், 2022 ஏப்ரலில், மாநில அரசு சொத்துவரியை உயர்த்த ஆணையிட்டது. மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகட்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்வு அமைந்தது. விகிதம் மேலிருந்து வந்தது. மன்றம் அதனைத் தீர்மானமாக ஏற்றது.

இவ்வுயர்வை மக்கள் செலுத்திவந்த நாட்களிலேயே, சில கட்டடங்களின் வரி பதிவேட்டில் முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அலுவலர்க்குரிய கடவுச்சொற்களைப் பயன்படுத்திக் கணினிப் பதிவில் மதிப்பு மாற்றப்பட்டது என்பதே அதன் சாரம். மாநகராட்சி ஆணையரின் ஆய்வில் இது வெளிப்பட்டுக் காவல்துறையிடம் முறையீடு செய்யப்பட்டது. 2025இல் அலுவலர் முதலிய பலர் கைது செய்யப்பட்டனர். இழப்பு ஏறத்தாழ 150 கோடி ரூபாய் என மன்ற எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டினர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தனிப்புலனாய்வுக் குழு ஆராய வேண்டும் என ஆணையிட்டது. ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினர். அக்டோபரில் மேயர் பதவி விலகினார். குற்றம் யாருடையது என்பதை வரையறுத்தல் நீதிமன்றத்தின் கடன். அதிற் புகுதல் எம் பணியன்று.

எம் பணி வேறு. எழுதியவனே கணக்கைக் காட்டுதல் வேண்டும், வேற்றாள் இடைப்புகலாகாது என 921இல் கல்லில் வெட்டிய விதி காக்க முயன்றது எதனையோ, அதுவே இக்குற்றச்சாட்டில் குலைந்ததாகக் கூறப்படுகின்றது. ஒருவனுடைய கடவுச்சொல்லால் மற்றொருவன் எழுதுவானாயின், காட்டவேண்டியவன் எழுதியவனல்லன். எழுதியவன் காட்ட வேண்டியவனல்லன். பிசிராந்தையாரின் யானை மிகுதியாகக் கொள்வதைப் பற்றியது. இங்கோ சிலரிடம் குறைவாகக் கொள்ளப்பட்டது என்பது வழக்கு. விளைவு ஒன்றே. 600 சதுர அடி வீட்டுக்காரர் உயர்ந்த வரியை ஒழுங்காக இறுக்க, பெருங்கட்டடத்துக்கு உரியது மிதிபட்டு ஒழிகின்றது. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் அந்த இழப்பையே காட்டி நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. இலக்கியம் கணக்கினை அரசன் அறமாகக் கண்டது; ஆராய்வோன் அவனே. ஊர்க்கல்வெட்டு அதனை உரியோர் அவையின் உரிமையாகக் கண்டது. இக்கால நகராட்சிச் சட்டம் வாக்கை எல்லார்க்கும் விரித்தது. கணக்கையோ பெரும்பாலும் மேல்நோக்கியே செல்ல விட்டது. மதுரையில் ஐந்தாண்டு மன்றமின்றிக் கழிந்ததும், பதிவேடு ஊரார் கண்ணிற் படாது மாறியதாகக் கூறப்படுவதும் அக்குறையின் இரு முகங்கள்.

இதற்கு மருந்தாகத்தக்க வாயில் சட்டத்திலேயே உள்ளது. 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைதல் வேண்டும். சபை என்னும் பழஞ்சொல்லே மீண்டும் வந்துள்ளது. அச்சபையில் அவ்வத் தெருவின் வரிப்பதிவை அரையாண்டு தோறும் உரக்கப் படித்தல் வேண்டும் என்பதும், மதிப்பை மாற்றிய அலுவலர் தம் பெயராலேயே அங்கு வந்து காரணம் கூறவேண்டும் என்பதும் யாம் முன்வைக்கும் கருத்துக்கள். எதிர்வீட்டார்க்குத் தெரியாமல் கடையொன்று வீடாதல் அரிது.

தமிழ்த் துறையினர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. முதுகலை மாணவர் சிலரிடம் சொத்துவரி அறிவிப்பு ஒன்றையும் உத்தரமேரூர்க் கல்வெட்டின் பெயர்ப்பையும் யாம் ஒருங்கே படிக்கக் கொடுத்தோம். ஆயிரத்து நூறாண்டுக்கு முந்திய கல்வெட்டில் யார் யாருக்குக் கணக்குக் கொடுத்தனர் என்பதை அவர்கள் விரைந்து கூறினர். அறிவிப்பிலோ கேட்பு, நிலுவை, ஆண்டு மதிப்பு என்னும் சொற்களைக் கண்டு, தம் வீட்டு வரி எவ்வாறு அறுதியிடப்பட்டது என்பதைக் கூற இயலாது நின்றனர். கேட்பு என்பது செலுத்துமாறு அலுவலகம் கேட்கும் தொகையைக் குறிக்கின்றது; குடிமகன் கேட்பதற்கு அத்தாளில் இடமில்லை. வரவுசெலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் எளிய தமிழில், வீட்டுக்காரர் தம் தெருவைக் கண்டறியுமாறு எழுதித்தருதல் கல்வெட்டுப் பெயர்ப்பினும் தாழ்ந்த பணி அன்று. கணக்கு விளங்காத இடத்தில் அதனைக் கேட்கும் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.